ரெண்டும் ஒரே குடும்பம்தானே அண்ணே? சிப்ரோவும் லெவோவும், மருந்துக்கடைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சாயங்காலம் ஆறரை மணி, கடையில் கூட்டம். சீட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் 500 என்று எழுதியிருக்கிறது, அலமாரியில் அது தீர்ந்துபோயிருக்கிறது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் உள்ளே போய்த் துழாவிவிட்டு லெவோஃப்ளாக்சசின் 500 அட்டை ஒன்றோடு வருகிறான். "ரெண்டும் ஒரே குடும்பம்தானே அண்ணே, எம்ஜியும் ஒண்ணுதான்."

தக்கலையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று பதினெட்டு வருஷம் ஆகிறது. புதிதாக வரும் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. குற்றம் சொல்லவில்லை, நானும் சொன்னவன்தான். டி.பார்ம் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பரீட்சைக்கு அது போதும், கவுண்டருக்குப் போதாது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஆன்டிபயாடிக்கை எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பதை இந்த இரண்டை வைத்தே சொல்கிறேன். இது பழகிவிட்டால் செஃபிக்சிமும் செஃபோடாக்சிமும், அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் எது வந்தாலும் இதே வழியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை மாற்றிச் சாப்பிட வேண்டாம். இது மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்காக எழுதியது.

முதலில் பெயரைப் படியுங்கள், முழுசாக

பிராண்ட் பெயரை விட்டுவிடுங்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். சிப்ரோ அட்டையில் 'சிப்ரோஃப்ளாக்சசின் ஹைட்ரோகுளோரைடு, சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி.க்குச் சமம்' என்கிற மாதிரி இருக்கும், லெவோவில் ஹெமிஹைட்ரேட் என்று வரும். கூடவே டினிடசோல், ஆர்னிடசோல் மாதிரி இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறதா என்றும் அங்கேதான் தெரியும். வெறும் சிப்ரோ எழுதிய சீட்டுக்கு டினிடசோல் சேர்ந்த அட்டை போய்விடுவது அபூர்வமான தப்பு இல்லை. மேல்பக்கத்தில் வெறும் சிப்ரோ, டினிடசோல் சேர்ந்தது என்ற இரண்டின் பிராண்ட் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், கடைசியில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு கடை. குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சீட்டு கொண்டுவந்தார். 'லெவ' என்று தொடங்கி அப்புறம் அலை அலையாக ஒரு கிறுக்கல், பக்கத்தில் 500, அதற்குப் பக்கத்தில் 1-0-1, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. நான் யோசிக்கவே இல்லை, லெவோஃப்ளாக்சசினை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டேன். பில் போட இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "எத்தன நாளைக்கு எழுதியிருக்கு?" என்றார்கள். முப்பது நாள். "லெவோஃப்ளாக்சசின் ரெண்டு நேரமா, முப்பது நாளா? அந்த அம்மாட்ட எதுக்குள்ள மருந்துன்னு கேளு." கேட்டேன். "எனக்கில்ல மக்ளே, மகனுக்கு. வலிப்பு வருமில்லியா, அதுக்குள்ளது" என்றார். எழுதியிருந்தது லெவிடிரசிட்டாம், வலிப்பு வராமல் தடுக்கிற மாத்திரை. நான் எடுத்து வைத்திருந்தது மூளையில் வலிப்பு வருவதற்கான தடையைக் குறைத்துவிடக்கூடிய வகை. அட்டை கைமாறவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து 'லெவ' என்று கண்ணில் பட்டால் மூன்று விஷயம் பார்ப்பேன்: ஒரு நாளைக்கு எத்தனை வேளை, மொத்தம் எத்தனை நாள், என்ன நோய். லெவோஃப்ளாக்சசின் வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரே வேளை, பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து பத்து நாள், சில நோய்களுக்குத்தான் அதற்கும் மேல். லெவோசெட்டிரிசின் என்றால் 5 மி.கி., அது தும்மலுக்கும் அரிப்புக்கும். எழுத்து புரியவில்லை என்றால் டாக்டரிடம் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை.

குடும்பம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் 'ஃப்ளாக்சசின்' என்று முடிந்தால் ஃப்ளூரோகுயினலோன் குடும்பம். 1962இல் வந்த நாலிடிக்சிக் அமிலம்தான் இவர்களுக்கு மூத்தவர். சிப்ரோ ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் பிறந்தது, அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. லெவோ ஜப்பானில் டைச்சி கம்பெனியில் உருவாகி அங்கே 1993இலும் அமெரிக்காவில் 1996இலும் வந்தது. பாக்டீரியா பெருகும்போது அதன் டிஎன்ஏ முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய அதற்கு இரண்டு நொதிகள் உண்டு, டிஎன்ஏ கைரேசும் டோப்போஐசோமரேஸ் நான்கும். இந்த மருந்துகள் அந்த நொதி வெட்டிய இடத்தில் ஒட்டவிடாமல் மாட்டிக்கொள்கின்றன. இதுவரைக்கும் சிப்ரோவுக்கும் லெவோவுக்கும் ஒரே கதைதான்.

லெவோவைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. ஓஃப்ளாக்சசின் மூலக்கூறு வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி இரண்டு வடிவம் கலந்த கலவை. அதில் வேலை செய்வது பெரும்பாலும் இடது வடிவம்தான், அதை மட்டும் பிரித்தெடுத்ததுதான் லெவோஃப்ளாக்சசின். ஆக லெவோவுக்குக் கூடப்பிறந்தது ஓஃப்ளாக்சசின், சிப்ரோ சித்தப்பா மகன். சித்தப்பா மகனிடம் அண்ணன் சட்டை கொடுத்தால் சேரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எந்தக் கிருமிக்கு எது

புத்தகத்தில் இருக்கும் பெரிய அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு கிருமிகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சூடோமோனாஸ். ஈரத்தை விரும்பும் கிருமி. காதுக்குள் தண்ணீர் நின்று சீழ் பிடிப்பது, சிறுநீர்க்குழாய் மாட்டியவர்களுக்கு வரும் தொற்று, ஆறாத புண் என்று பல இடங்களில் இருக்கும். இதன்மேல் சிப்ரோவுக்குத்தான் பிடி அதிகம். குளச்சல், முட்டம் பக்கம் கடலில் குதித்துக் குதித்துக் காதுவலியோடு வருகிறவர்களின் சீட்டில் சிப்ரோ காதுச் சொட்டு அடிக்கடி வருவது இதனால்தான்.

நிமோகாக்கஸ். நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரவைக்கிற முக்கியமான கிருமி. இதன்மேல் சிப்ரோ பலவீனம், லெவோ வலு. லெவோவை 'சுவாச குயினலோன்' என்று சொல்வதே அதற்காகத்தான். நிமோனியாவுக்கு லெவோ எழுதிய சீட்டுக்கு சிப்ரோ கொடுத்தால், மாத்திரை போகும், பணம் போகும், காய்ச்சல் போகாது.

"சிப்ரோ கேக்கலைன்னா லெவோ குடுத்துப் பார்ப்போம்" என்றும் ஒரு பேச்சு உண்டு. குடல், சிறுநீர்ப் பாதைக் கிருமிகளில் ஒன்றுக்கு மசியாதது பெரும்பாலும் மற்றதற்கும் மசியாது, நொதி மாறிவிட்டால் இரண்டுக்கும்தான் மாறுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு நேராக 'ஆர்' (ரெசிஸ்டன்ட், மருந்துக்கு மசியாதது) என்று இருந்தால் லெவோவுக்கு நேராகவும் பாருங்கள், அநேகமாக அங்கேயும் 'ஆர்' இருக்கும். டைஃபாய்டு விஷயத்திலும் பழைய நினைப்பு உதவாது. ஒரு காலத்தில் டைஃபாய்டு என்றாலே சிப்ரோதான், இப்போது நம் நாட்டு டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பகுதி அதற்கு அசைவதில்லை.

உடம்புக்குள் போகும் வழி, அதாவது மாத்திரையும் சாப்பாடும்

கவுண்டரில் நின்று நாம் உண்மையில் பிரயோஜனப்படுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிப்ரோ விழுங்கினால் சுமார் 70 சதவீதம் ரத்தத்துக்குப் போகும், லெவோ 99 சதவீதம், கிட்டத்தட்ட முழுசும். சிப்ரோ ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கு மணி நேரம் போதும், லெவோவுக்கு ஆறிலிருந்து எட்டு. அதனால்தான் சிப்ரோ இரண்டு வேளை, லெவோ ஒரு வேளை. இப்போது பையன் சொன்ன "எம்ஜியும் ஒண்ணுதான்" எங்கே போகிறது என்று பாருங்கள். சீட்டில் 1-0-1 என்று இருக்க, மருந்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்த ஆள் ஒரு நாளைக்கு 1000 மி.கி. லெவோ சாப்பிடுவார். லெவோவின் வழக்கமான அளவு 500 அல்லது 750.

750 என்று பார்த்ததும் "பவர் கூடின மருந்தா தம்பி?" என்று கேட்பார்கள். 750 என்பது பவர் இல்லை, எடை. ஒரு மருந்தின் மில்லிகிராமை இன்னொரு மருந்தின் மில்லிகிராமோடு வைத்துப் பார்ப்பது மட்டிப்பழத்தையும் நேந்திரனையும் எண்ணிக்கை வைத்து விலை பேசுகிற மாதிரி.

அப்புறம் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை. அலுமினியம், மெக்னீசியம், இரும்பு, ஜிங்க், கால்சியம் இவை எல்லாம் குடலில் இந்த மருந்துகளோடு ஒட்டிக் கட்டியாகிவிடும், மருந்து ரத்தத்துக்குப் போகாமலே வெளியே போய்விடும். ஜெலுசில், டைஜீன் மாதிரி வயிற்றெரிச்சல் மருந்து, இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, சுக்ரால்ஃபேட் எல்லாம் இதில் வரும். ரொம்பப் பேர் கவனிக்காமல் விடுவது பி காம்ப்ளெக்ஸ். ஆன்டிபயாடிக் எழுதினால் கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ் எழுதுவது வழக்கம், அதில் பல அட்டைகளில் ஜிங்க் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே கவரில் போட்டு "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம், அவர் இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் அந்த ரகம் இல்லை, அதனால் ஒட்டும் தொல்லை கிடையாது.

இடைவெளியிலும் இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் உண்டு. சிப்ரோவை இந்தச் சத்துகளுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் ஆறு மணி நேரம் பின்னால் சாப்பிட வேண்டும். லெவோவுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அவ்வளவுதான். சிப்ரோ காலை ஏழுக்கும் ராத்திரி ஏழுக்கும் என்றால் ஜிங்க் மாத்திரைக்கு இடம் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரைக்கும்தான், பன்னிரண்டு மணி என்று கவரில் எழுதிவிடுங்கள். லெவோ காலை எட்டு மணிக்கு என்றால் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். "சத்து மாத்திரைய அஞ்சு நாள் விட்டா ஒண்ணும் கொறஞ்சு போவாது, டாக்டர்ட்ட கேட்டுட்டு அப்புறமா தின்னலாம்" என்று சொன்னால் வயதானவர்களுக்கு இன்னும் எளிது.

சாப்பாடு என்றால், மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு இரண்டில் எதை வேண்டுமானாலும் போடலாம். வெறும் பாலோடோ தயிரோடோ மட்டும் சிப்ரோவை விழுங்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

எதோடு சண்டை போடும்

இரண்டு மருந்தும் ரொம்பத் தூரம் விலகிப் போவது இங்கேதான்.

கல்லீரலில் சில மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் ஒரு நொதி இருக்கிறது, பெயர் சிஒய்பி1ஏ2. சிப்ரோ அதன் கையைக் கட்டிப்போட்டுவிடும். லெவோ அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. சரி, அந்த நொதி கரைக்கிறவை எவை? மூன்று சொல்கிறேன், மூன்றும் நம் ஊரில் தினமும் புழங்குகிறவை.

டிசானிடின். முதுகுப் பிடிப்புக்கு எழுதும் மாத்திரை, அசிக்ளோஃபெனாக்கோடும் பாராசிட்டமாலோடும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வரும். நம் மாவட்டத்தில் விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வடிப்புக்குப் போய் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், செங்கல் சுமக்கிறவர்கள் என்று இந்த மாத்திரைக்கு ஆள் குறைவில்லை. பலர் சீட்டே இல்லாமல் பழைய அட்டையைக் காட்டித்தான் கேட்பார்கள். சிப்ரோவோடு சேர்ந்தால் ரத்தத்தில் டிசானிடின் பத்து மடங்கு வரை ஏறும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் சரிந்து, கண் சொக்கி, எழுந்து நின்றால் கீழே விழுந்துவிடுவார். இதில் 'கவனமாகக் கொடுக்கலாம்' என்ற பேச்சே கிடையாது, சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அதனால் சிப்ரோ எடுத்துக் கொடுக்கும்போது "முதுகுவலிக்கு, கைகால் கடுப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வி வாயில் தன்னால் வர வேண்டும். அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் தனியாகவே இந்தக் குடும்பத்தோடு சேரும்போது வலிப்பு அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும், அது சிப்ரோ லெவோ இரண்டுக்கும் பொருந்தும்.

தியோஃபிலின். இழுப்புக்காரர்களுக்கு எழுதும் டெரிபிலின் மாத்திரையில் இது இருக்கிறது. சிப்ரோவோடு சேர்ந்தால் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம், உயிர் போனதும் உண்டு.

மூன்றாவது காபி. கஃபீனும் அதே வழியில்தான் கரைகிறது. கருப்பட்டிக் காப்பியும் கட்டன் சாயாவும் நாலைந்து தடவை குடிக்கிற ஆள் சிப்ரோ தொடங்கிய இரண்டாம் நாள் "நெஞ்சு படபடன்னு அடிக்குது, உறக்கம் இல்ல, மருந்து ஒத்துக்கலை" என்று வருவார். மருந்தை நிறுத்த வேண்டாம், காப்பியைக் குறையுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். ஆனால் வேறு இதய மருந்து சாப்பிடுகிறவர் படபடப்பு என்று சொன்னால் காப்பிமேல் பழி போட்டு அனுப்பிவிடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

இதெல்லாம் கேட்டுவிட்டு லெவோ சாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதயத் துடிப்பின் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் தெரிவது, அதிகம் நீண்டால் துடிப்பு தடுமாறும்) நீட்டுவதில் லெவோ சிப்ரோவைவிட ஒரு படி மேல். துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர், பொட்டாசியம் குறைந்தவர் என்றால் அங்கே யோசிக்க வேண்டியது லெவோவைப் பற்றி.

இரண்டுக்கும் பொதுவான சண்டைகள் இரண்டு உண்டு. ஒன்று, சுகர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், கோமா வரைக்கும் போயிருக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரிக்கையை இறுக்கியது. இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினும் அசிட்ரோமும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவில் வால்வு மாற்றிவிட்டு வந்தவர்கள் நம் பக்கம் கணிசமாக உண்டு. அவர்கள் கையில் இருக்கும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) நோட்டைக் கேட்டுப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தொடங்குவதை அந்த டாக்டருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.

யாருக்குக் கொடுக்கும் முன் நிற்க வேண்டும்

குதிகால் நரம்பு என்று ஜனங்கள் சொல்லும் அக்கிலிஸ் தசைநாண் இந்தக் குடும்பத்தின் பலவீனமான இடம், வீங்கலாம், அறுந்தும் போகலாம். அறுபது வயதுக்கு மேல், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், உறுப்பு மாற்று செய்தவர் என்றால் அபாயம் கூடுதல். எஃப்டிஏ 2008இலேயே இதற்குக் கறுப்புக் கட்டம், அதாவது அவர்களுடைய மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டுவிட்டது. நம் ஊரில் இதை மருந்துப் பாடமாக மட்டும் பார்க்க முடியாது: காலில் தளைக்கயிறு மாட்டிப் பனை ஏறுகிறவருக்கு அந்த நாண்தான் பிழைப்பு. "குதிகால்ல வலி, இழுக்குற மாதிரி இருந்தா மரம் ஏறாதீங்க, மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டரப் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். இழுப்புக்கு ஸ்டீராய்டும் சளிக்கு லெவோவும் ஒரே சீட்டில் வருவது சாதாரணம், அங்கே இன்னும் அழுத்திச் சொல்லுங்கள்.

கர்ப்பிணி, பதினெட்டு வயதுக்குக் கீழ், மையஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர், மகாதமனி வீக்கம் உள்ளவர், வலிப்பு உள்ளவர் என்றால் கொடுக்கும் முன் டாக்டருக்கு ஒரு போன். வெயிலில் தோல் கருகுவதும் உண்டு, கட்டுமரத்துக்காரரிடம் முழுக்கைச் சட்டை போடச் சொல்லலாம், அதற்குமேல் அவர் கேட்கப்போவதில்லை.

சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். லெவோவில் ஏறக்குறைய 87 சதவீதம் உருமாறாமல் சிறுநீரில்தான் வெளியேறும். சிப்ரோவுக்கு சிறுநீரகம் போக ஈரல், குடல் என்று பக்கவழிகளும் உண்டு. 72 வயது பாட்டா, 50 கிலோ, கிரியாட்டினின் 1.4. ரிப்போர்ட்டைப் பார்த்தால் "லேசாத்தான் கூட இருக்கு" என்று தோன்றும். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் சூத்திரம் இது: 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கி, 72ஐ கிரியாட்டினினால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும், பெண்களுக்கு விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். பாட்டாவுக்கு 68 பெருக்கல் 50, அதாவது 3400, அதை 100.8ஆல் வகுத்தால் 34 வருகிறது. லெவோ 50க்குக் கீழே போனாலே அளவைக் குறைக்க வேண்டிய மருந்து: 750 தினமும் என்பது இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆகும், 500 தினமும் என்பது முதல் நாள் 500, பிறகு தினம் 250 ஆகும். சிப்ரோவுக்கு இதே 34இல் 250இலிருந்து 500 வரை இரண்டு வேளை செல்லும், முப்பதுக்குக் கீழே போகும்போதுதான் வேளைகளின் இடைவெளி நீளும். கணக்கு போடுவது நம் வேலை, அளவை மாற்றுவது டாக்டர் வேலை. கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு போன் போடுங்கள், அவர்களுக்கும் பிடிக்கும்.

இருமல் என்று வந்து லெவோ கேட்டால்

கொடுக்காதீர்கள். லெவோ காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். பழைய அட்டையைக் காட்டி ஐந்து நாள் வாங்கிச் சாப்பிட்டால் இருமல் லேசாகக் குறையும், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம், நோய் உள்ளேயே வளரும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வைத்திருக்கும் ஆயுதங்களில் ஒன்றான லெவோவும் மழுங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுக்கச் சொல்லுங்கள், காசு கிடையாது.

சட்டத்திலும் ரெண்டும் ஒன்றில்லை

இது புதியவர்கள் ரொம்பப் பேருக்குத் தெரியாது. சிப்ரோ ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். லெவோ ஷெட்யூல் எச்1. மத்திய அரசு 2013 ஆகஸ்டில் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் இது, லெவோவும் மாக்ஸிஃப்ளாக்சசினும் அதில் உண்டு, சிப்ரோ இல்லை. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்1 எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: டாக்டர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை கொடுத்தோம். அந்தப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சாயங்காலக் கூட்டத்தில் 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று விட்டால் அது எழுதப்படாது, பில் போடும் கையோடு எழுதுங்கள். எச் என்றால் சீட்டு இல்லாமல் கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை, சிப்ரோவுக்கும் சீட்டு வேண்டும், லெவோவுக்குப் பதிவேடு மட்டும்தான் கூடுதல். கேரளத்தில் 2024இல் ஆபரேஷன் அம்ரித் என்று சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை தொடங்கியபிறகு, அங்கே கிடைக்காதது இங்கே கிடைக்கும் என்ற நினைப்பில் களியக்காவிளை தாண்டி வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக, போனில் எப்படிப் பேசுவது

'சிப்ரோ இல்லை, லெவோ கொடுக்கட்டுமா' என்று மட்டும் கேட்டால் அந்தப் பக்கம் அவசரத்தில் 'சரி' என்று வந்துவிடும். நோயாளியை உட்காரவைத்து நாலு விஷயம் கேட்டுக்கொண்டு அப்புறம் அழையுங்கள்: வயது, வேறு என்ன மாத்திரை, சிறுநீரகக் கோளாறு உண்டா, முன்பு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. "மேடம், நீங்க எழுதின சிப்ரோ 500 ரெண்டு வேளை எங்கக்கிட்ட இல்லை. ஆளுக்கு அறுபத்தெட்டு வயசு, சுகருக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுறார், முதுகுவலிக்கு டிசானிடின் சேர்ந்த மாத்திரையும் ஒரு வாரமா போகுது. என்ன செய்யட்டும்?" இப்படிக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

அன்றைக்கு அந்தப் பையனை இப்படித்தான் பேசச் சொன்னேன். காதில் போனை வைத்தபடியே நோயாளியின் பையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தான். டிசானிடின் என்றதும் மேடம் அதை உடனே நிறுத்தச் சொன்னார்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள், சிறுநீர் கல்ச்சரில் சூடோமோனாஸ் வந்திருப்பதால் சிப்ரோவேதான் வேண்டும், இன்றைக்குத் தொடங்க வேண்டாம், நாளைக் காலையிலிருந்து என்றும் சொன்னார்கள். பையன் எதிர்க் கடையில் ஓடிப்போய் ஒரு அட்டை வாங்கிவந்து, கவரில் 'நாளை காலை 7, இரவு 7' என்று எழுதினான். எழுதிவிட்டு, அந்த லெவோ அட்டையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.